கம்பளி போர்த்திய சோளமாவு

குவைத்தின் மங்காஃபில் அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் போய்க் கனகா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். மாவுக்காரம்மா என்று கேட்டால், கட்டடத்துக்குக் காவல் இருக்கும் எகிப்துக்கார ஹாரிஸ்கூட மூன்றாவது மாடியைப் பார்த்துக் கையைக் காட்டுவார். அவருக்கு இட்லியும் தெரியாது, தோசையும் தெரியாது. ஆனால் சாயங்காலமானால் மூடி போட்ட டப்பாக்களைக் கட்டைப்பையில் அடுக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி இறங்கும் அம்மாள் யார் என்று தெரியும்.

கனகா பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டைப் பக்கத்துக்காரி. குவைத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கணவர் மணிமாறனுக்கு அஹ்மதி பக்கம் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக் வேலை. கல்யாணமாகி வெகுநாள் ஒருவர் இங்கும் ஒருவர் அங்குமாக இருந்துவிட்டு, சம்பளம் கொஞ்சம் ஏறிக் குடும்ப விசா கிடைத்ததும் கிரைண்டரோடு வந்து இறங்கினாள். கிரைண்டரோடு என்றால் அப்படியே உண்மை. பெட்டியில் எடை கூடுகிறது என்று குழவிக்கற்களை மட்டும் மணிமாறன் கைப்பையில் போட்டுக்கொண்டார். திருச்சி ஏர்போர்ட்டில் ஸ்கேன் பண்ணியவர் பையைத் திறந்து, கல்லைத் தூக்கிப் பார்த்து, "இது எதுக்கு சார்?" என்று கேட்டார். "பொண்டாட்டிக்குங்க" என்றார் மணிமாறன். அவர் கல்லைப் பதமாகத் திரும்ப வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

முதலில் மாவு போனது ஜொஹரா வீட்டுக்கு. தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் மீரா சாகிப்பின் மனைவி, அதிராம்பட்டினத்துக்காரி. மசக்கையில் எது தின்றாலும் வெளியே வந்துகொண்டிருந்தவளுக்குக் கனகா வீட்டு இட்லி மட்டும் உள்ளே தங்கியது. ஜொஹரா பத்துப் பேரிடம் சொன்னாள். ஒரு கிரைண்டர் மோட்டார் தேய்ந்து, இரண்டாவது வந்து, அதுவும் பெரியதாக வந்து, இப்போது வாரத்தில் ஆறு நாள் மாவு அரைக்கிறாள். கனகாவின் கைராசி பற்றி மங்காஃபில் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. குளிர்காலத்தில் எல்லார் வீட்டிலும் மாவு கல்லாக உட்கார்ந்திருக்கும். கனகா உப்பைப் போட்டுக் கையால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டால் மட்டும் பொங்கி மூடியைத் தள்ளும்.

"கையில என்னாக்கா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால், "அதான் அஞ்சு விரல் இருக்கே" என்பாள். உண்மையில் குளிர்காலத்தில் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தி ரூம் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பாள். ஊரில் இருந்தபோது மணிமாறனுக்குக்கூட அப்படிப் போர்த்திவிட்டதில்லை என்று அவருக்கு ஒரு குறை.

இப்படிக் கட்டடம் முழுக்கத் தெரிந்தவள்தான். ஆனால் தெரிந்ததெல்லாம் கதவுகள். மணி அடிப்பாள், கதவு திறக்கும், டப்பா கை மாறும். "நல்லா இருக்கீங்களாக்கா? புள்ளைக்கு எக்ஸாம், வெளிய வரவே முடியல." அதோடு சரி. யாரையும் குறை சொல்ல முடியாது. கையில் இன்னும் நாலு வீட்டு மாவு இருப்பவளை யார் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வார்கள்? கூப்பிட்டாலும் அவள்தான் எப்படி உட்காருவாள்? பன்னிரண்டு வருஷத்தில் அத்தனை வீட்டு வாசல் மிதியடியும் அவளுக்கு மனப்பாடம். சோபா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஐந்தாவது மாடிக்கு இர்மா வந்த பிறகுதான் இது மாறியது.

ஒருநாள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால், குள்ளமாக, கோதுமை நிறத்தில், தலைமுடியை ஒற்றைப் பின்னலாகப் போட்ட ஒரு பெண். ஐம்பது வயது இருக்கலாம். சேலை கட்டினால் நம்மூர் என்று சொல்லிவிடலாம். சத்தம் என்று சண்டைக்கு வந்திருக்கிறாள் என நினைத்துக் கனகா, "சாரி மேடம், டென் மினிட்ஸ், கலாஸ், ஃபினிஷ்" என்றாள். வந்தவள் சண்டைக்கு வரவில்லை. நேராகச் சமையலறைக்குள் போய், சுற்றுகிற கல்லைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். கேட்காமலேயே இரண்டு விரலை விட்டு மாவை எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். கடைக்குப் போய்ப் புடவைத் துணியைத் தேய்த்துப் பார்த்து ஒப்புக்கொள்கிறவளின் தலையாட்டல் அது.

அவள் குவாத்தமாலா நாட்டுக்காரி. கணவர் எட்வின் எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனியில் எஞ்சினியர். அவள் ஊரில் விடிகாலையில் பெண்கள் வேகவைத்த மக்காச்சோளத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு அரவை மில்லுக்குப் போவார்களாம். அந்தக் கல் சத்தத்தைக் குவைத்தில் கேட்டதும் படியிறங்கி வந்துவிட்டாள். இதையெல்லாம் அவள் தன் இங்கிலீஷில் சொன்னாள், கனகா தன் இங்கிலீஷில் புரிந்துகொண்டாள். இரண்டும் ஆளுக்கொரு காலில் நொண்டுகிற இங்கிலீஷ். ஆனால் சேர்ந்து நடந்தால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

அன்றைக்கே கனகாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுச் சோபாவில் உட்கார வைத்தாள். காபி வந்தது. கூடவே ஒரு தட்டில் நீள உருண்டையாக, எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரை தூவிய ஏதோ ஒன்று. கடித்தால் வெளியே நேந்திரம்பழம். உள்ளே கறுப்பாக ஒரு பூரணம். இனிப்பும் லேசான பட்டை வாசமும். கறுப்பு பீன்ஸை வேகவைத்து மசித்துச் சர்க்கரையோடு கிளறியது என்று இர்மா சொன்னாள். ரெயெனீட்டோ என்று பெயர்.

"கொழுக்கட்டைதானே இது! வாழைப்பழத்துல பண்ணியிருக்கீங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள் கனகா. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நாலு வீட்டில் மாவு தாமதம்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது அந்தச் சோபா உண்டு. இர்மாக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். இர்மா அவளைக் கனகிட்டா என்பாள். அவர்கள் ஊரில் பிரியமானவர்கள் பெயரையெல்லாம் அப்படிக் குட்டியாக்கி விடுவார்களாம். "எண்பது கிலோ இருக்கேன், என்னைக் குட்டியாக்குறதுக்கு உங்களாலதான் முடியும்" என்றாள் கனகா.

தேங்காய்த் துருவலைச் சர்க்கரைப் பாகில் போட்டு வறண்டு வரும்வரை கிளறிய கொக்காதா வரும். பதிலுக்குக் கீழேயிருந்து தேங்காய் பர்பி போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்கள். வித்தியாசம் ஏலக்காய்தான். அதிலும் ஒரு வேடிக்கை. உலகத்து ஏலக்காயில் பெரும்பங்கு இர்மாவின் நாட்டில்தான் விளைகிறது. அவள் சித்தப்பாவுக்கே ஏலத்தோட்டம் இருக்கிறது.

"ஆனா எங்க வீட்ல யாரும் வாயில வெச்சதில்ல. அரபிக்காரங்க காபில போடறதுக்குன்னு மூட்டை கட்டி அனுப்பிடுவோம். நானே இங்க வந்துதான் ருசி பார்த்தேன்."

"விளையிற வீட்ல திங்கறதில்லையா? அநியாயம்!"

"ஏன், உங்க ஊர்ல சோளம் விளையுதுன்னியே, நீங்க என்ன பண்றீங்க?"

கனகா வசமாக மாட்டிக்கொண்டாள். பெரம்பலூர்ப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம்தான். ஆனால் அத்தனையும் லாரி ஏறித் தீவன மில்லுக்குப் போகும். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, "கோழிக்குப் போடுவோம்" என்றாள்.

இர்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவர்கள் ஊரில் மனுஷனைப் படைத்ததே சோளத்தில்தான் என்று பெரியவர்கள் கதை சொல்வார்களாம். அதிலிருந்து கனகா கோழிக்கறி வாங்கினாள் என்று தெரிந்தாலே, "என் சோளத்தைத் தின்ன கோழியா?" என்று கேட்பாள்.

போன வருஷம் இர்மா லீவுக்கு ஊருக்குப் போனாள். திரும்பி வரும்போது பெட்டியில் ஒரு பை நிறையச் சோளம். அண்ணன் நிலத்தில் விளைந்தது. வெள்ளை முத்துகளுக்கு நடுவில் அங்கங்கே கருநீல முத்து. இரண்டு இடத்தில் விமானம் மாறி, ஓரிடத்தில் அதிகாரியோடு மல்லுக்கட்டிக் கொண்டுவந்திருக்கிறாள். எதற்கு? டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, குவைத்தில் இருக்கும் குவாத்தமாலாக்காரர்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். எல்லாரையும் சேர்த்தாலும் ஒரு வேன் நிறையாது. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீடுகளில் தமால் செய்தே ஆக வேண்டும். சோளமாவைக் களியாகக் கிண்டி, நடுவில் கோழிக்கறியும் தக்காளியும் வறுத்த மிளகாயும் எள்ளும் பூசணி விதையும் அரைத்த சாந்தை வைத்து, வாழையிலையில் மடித்துக் கட்டி ஆவியில் வேகவைப்பது. குவைத்தில் அதைப் பாக்கெட் மாவில்தான் இதுவரை செய்துவந்தார்கள்.

"பாக்கெட் மாவு, அட்டைப்பெட்டி மாதிரி. இந்த வருஷம் கல்லுல அரைச்ச மாவுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். பாத்ரிசியா நம்பல. அவ தலைநகரத்துக்காரி, எதையும் நம்பமாட்டா. என் மானம் உன் கிரைண்டர்ல இருக்கு, கனகிட்டா" என்றாள்.

"கவலைய விடுங்கக்கா. என் கையில குடுத்த மாவு இதுவரைக்கும் கெட்டதில்ல."

வியாழக்கிழமை மத்தியானம் இர்மா வீட்டில் சோளம் வெந்தது. இர்மா ஒரு வெள்ளைப் பொடியை எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். கனகா தொட்டு மோந்து பார்த்து, "வெத்தலைக்குப் போடற சுண்ணாம்புல்ல இது!" என்று கத்தினாள். சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்தால்தான் சோளத்தின் தோல் கழன்று வருமாம். வெந்ததைக் கனகா வழக்கப்படி தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவிக் கழுவி ஊற்றினாள். "போதும், போதும், சோளத்துக்குக் குளிர் எடுக்கும்" என்று இர்மா தடுத்தாள். பிறகு அதைக் கீழே கொண்டுபோய்க் கிரைண்டரில் போட்டார்கள். இர்மா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் வழவழவென்று, லேசான சாம்பல் நிறத்தில் மாவு இறங்கியது. இர்மாவுக்குக் கண் பளபளத்தது.

எட்வின் போன் பண்ணிவிட்டார். கோழி வாங்கப் போக வேண்டும், கீழே வண்டியோடு நிற்கிறேன் என்று. "மாவு உன்கிட்டயே இருக்கட்டும். என் ஃப்ரிட்ஜ்ல கை வைக்க இடமில்ல. காலையில வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு இர்மா ஓடினாள்.

கனகா அதற்குப் பிறகு செய்ததெல்லாம் யோசித்துச் செய்ததல்ல. கை தானாகச் செய்தது. ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். முழங்கை வரை விட்டு அடியிலிருந்து கலக்கினாள். பொங்கி வழிந்தால் வீணாகிவிடுமே என்று பெரிய பாத்திரத்துக்கு மாற்றினாள். டிசம்பர் குளிர் ஆயிற்றே என்று கம்பளியை இரண்டாக மடித்துப் போர்த்தி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். இர்மாக்கா மாவு என்பதால் வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகவே சுற்றிக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து கம்பளியைப் பிரித்தாள். மூடியைத் திறந்தாள். குப்பென்று புளிப்பு வாசம். மாவு முழுக்கப் பூப்பூவாக நுரை. கனகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்னாங்க, இங்க வந்து பாருங்களேன்! சோளமாவுங்க, உளுந்து ஒரு பொட்டுப் போடல. எப்படிப் பொங்கியிருக்கு பாருங்க!"

மணிமாறன் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. அவங்க தோசையா சுடப்போறாங்க?"

"தோசை இல்லீங்க, தமால். இலையில கட்டி அவிக்கறது. போன கிறிஸ்துமஸுக்குக்கூடக் குடுத்தாங்கல்ல, நீங்க ரெண்டு தின்னீங்களே."

"அது புளிக்கலையேடி."

கனகா குனிந்து பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புளிக்க வைன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார் மணிமாறன்.

"இல்ல."

"பின்ன எதுக்குடி வெச்ச?"

"மாவுன்னா வேற என்னாங்க பண்ணுவாங்க!"

மணிமாறனுக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அதைப் பேஸ்ட்டோடு விழுங்கிவிட்டு, வாய் கொப்பளித்து வந்து யோசனை சொல்ல ஆரம்பித்தார். கொஞ்சம் சோடா உப்பு போட்டால் புளிப்பு செத்துவிடும். அது வேண்டாமென்றால் இதை ஒளித்து வைத்துவிட்டு, கடையில் பாக்கெட் சோளமாவு வாங்கிக் கரைத்துக் கொடுத்துவிடலாம். "வெள்ளையாத்தானே இருக்கு, அதுவும் மாவுதான், இதுவும் மாவுதான். அவங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

"விரல்ல தேய்ச்சாத் தெரிஞ்சிடும் அவங்களுக்கு."

"அப்ப கரண்ட் போயிடுச்சு, ஃப்ரிட்ஜ் ஓடலன்னு சொல்லு."

"குவைத்துல எந்தக் காலத்துலங்க கரண்ட் போச்சு?"

கனகாவுக்கு மாவு போனது பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒன்றிரண்டு மாவு யாருக்குத்தான் கெடாது? அவள் கண் முன்னால் நின்றது ஐந்தாவது மாடிச் சோபாதான். அந்த வீடும் இனிமேல் மிதியடியோடு நின்றுவிடுமோ என்றுதான் பயம். எழுந்து, முகத்தைக் கழுவி, பாத்திரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினாள்.

இர்மா கையில் கரண்டியோடு கதவைத் திறந்தாள். உள்ளே மிளகாய் வறுபடும் நெடி. சிரித்த முகத்தோடு மூடியை எடுத்தவள் அப்படியே நின்றாள். கனகா, "அக்கா, தெரியாமப் பண்ணிட்டேன். எங்க மாவு மாதிரியே வெச்சிட்டேன். சாரிக்கா" என்றாள். தமிழில் சொன்னதை மறுபடி இங்கிலீஷில் சொன்னாள்.

இர்மா மூடியைத் தட்டென்று போட்டு மூடினாள். பேச ஆரம்பித்தபோது அது இங்கிலீஷ் இல்லை. அவள் பாஷையில், கையை ஆட்டி, கரண்டியைக் கதவு நிலையில் தட்டித் தட்டிப் பொரிந்து தள்ளினாள். நடுவில் அண்ணன் பெயர் வந்தது, ஏதோ ஏர்போர்ட் பெயர் வந்தது, பாத்ரிசியா பெயர் இரண்டு தரம் வந்தது. திட்டுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? கனகாவுக்கு எல்லாம் புரிந்தது. கடைசியில் இங்கிலீஷில், "போ கனகா. எனக்கு வேலை இருக்கு" என்றாள். கனகிட்டா இல்லை, கனகா. பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது.

கனகா படியிலேயே இறங்கி வந்தாள். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய இட்லி மாவெல்லாம் வரிசையாக இருந்தது. "நீங்க கொண்டுபோய்க் குடுங்க" என்று மணிமாறனிடம் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். எதற்கு வெங்காயம் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கிலோ உரித்துவிட்டாள்.

மணிமாறன் இரண்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த டப்பாவை எடுக்க வந்தபோது, திறந்திருந்த கதவு வழியாக இர்மாவும் உள்ளே வந்தாள். தலைப்பின்னல் அவிழ்ந்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது. கேள்வியெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் கேள்வி.

"உப்பு போட்டியா?"

"போட்டேன்க்கா."

"எவ்வளவு?"

"ஒரு கை."

"கரண்டியால கலக்கினியா, கையாலயா?"

"கையாலதான்."

"கதகதப்பா வெச்சியா?"

கனகா மூலையில் கிடந்த கம்பளியைக் காட்டினாள். இர்மா கம்பளியைப் பார்த்தாள். அவளுடைய உதட்டு ஓரம் துடித்தது. கோபத்தில் துடித்ததா வேறெதிலா என்று கனகாவுக்குத் தெரியவில்லை.

"கொட்டிடலாம்னுதான் சிங்க்குக்குக் கொண்டுபோனேன்" என்றாள் இர்மா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே. "கொட்டறதுக்கு முன்னாடி ஒரு விரல் நக்கிப் பார்த்தேன்."

அவள் ஊர் ஹூத்தியாபா, நாட்டின் கிழக்கே இருக்கிறது. அங்கே சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் பெண்கள் பானையோடு உட்கார்ந்திருப்பார்கள். புளிக்க வைத்த சோளத்தைக் கஞ்சியாகக் காய்ச்சி, சுரைக்குடுக்கையில் ஊற்றி, வேகவைத்த கறுப்பு பீன்ஸும் வறுத்துப் பொடித்த பூசணி விதையும் மிளகாயும் போட்டுத் தருவார்கள். அத்தோல் ஷூக்கோ என்று பெயர். ஷூக்கோ என்றால் அழுக்கு. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். தெருவில் விற்கும் அழுக்குக் கஞ்சியைக் குடிக்கக் கூடாது என்று இர்மாவின் அம்மா அடிப்பாளாம். அடி வாங்கிக்கொண்டே குடித்திருக்கிறாள். ஊரை விட்டு வந்த பிறகு தமால் எத்தனையோ தரம் தின்றாயிற்று. இதை ஒரு தரம்கூடக் குடித்ததில்லை. குவைத்தில் யார் சோளத்தைப் புளிக்க வைப்பார்கள்?

"அப்படியே அந்த வாசம். பஸ் புகை ஒண்ணுதான் இல்ல" என்றாள். பிறகு விரலை நீட்டி, "ஆனா தமாலுக்கு இது ஆகாது. உன் மேல கோபம் போகல. அது இருக்கட்டும், அப்புறம் படறேன். இப்ப எந்திரி. நேரமில்ல."

கனகா எழுந்த வேகத்தில் வெங்காயத் தோல் பறந்தது. "கூழுக்கா! கூழ்! எங்க ஊர்ல கம்புல காய்ச்சுவோம். அதே புளிப்புத்தான். நீங்க பீன்ஸைப் பாருங்க, காய்ச்சறத நான் பாத்துக்கறேன். கட்டி தட்டாமக் கிண்டறதுக்கு இந்தக் கட்டடத்துல என்னைவிட ஆளில்ல." ஒரு விநாடி நிறுத்திவிட்டு, "கம்பளி மட்டும் நீங்க சொன்னாத்தான் போர்த்துவேன்" என்றாள்.

மணிமாறன் கையிலிருந்த மாவு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, தமாலுக்குப் பாக்கெட் சோளமாவு வாங்கக் கடைக்கு விரட்டப்பட்டார். "முதல்லயே சொன்னேன், வாங்கியாறேன்னு" என்று முனகிக்கொண்டே போனார்.

மத்தியானம் வரைக்கும் இர்மாவின் சமையலறையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். கோபம் அப்புறம் படுகிறேன் என்று சொன்னாளே தவிர, இடையிடையே இர்மாவுக்கு அது வந்து போய்க்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் எள்ளை இன்னும் வேகமாக வறுத்தாள். கனகா வாழையிலையைத் தீயில் காட்டி வாட்டினாள். இர்மா கிழித்துக் கிழித்து வீணாக்கிய இடத்தில், ஒரு இலை கிழியாமல் மடித்துக் கட்டிக் கொடுத்தாள். கூழ் காய்ச்சும்போது மட்டும் இர்மா அடுப்புப் பக்கம் வந்து நின்றாள். சாம்பல் நிறக் கூழ் தளதளவென்று கொதித்து வந்தது. ஒரு கரண்டி எடுத்து ஊதி ஊதிக் குடித்தாள். இன்னொரு கரண்டி எடுத்தாள்.

விருந்தாளிகள் மூன்று மணிக்கு வந்தார்கள். வேலை முடிந்தது என்று கனகா கைப்பையைத் தேடிக்கொண்டு நழுவப் பார்த்தாள். இர்மா கூடத்திலிருந்தே, "எங்க போற?" என்று கேட்டாள். கேட்ட குரலில் அன்பு ஒன்றும் வழியவில்லை, அதட்டல்தான். மணிமாறன் ஏற்கெனவே எட்வினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏசி கேஸ் நிரப்புவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கனகா சோபா ஓரத்தில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டாள் என்பதால் அவள் கையில் கூழ்க் கிண்ணம் மட்டும். கறுப்பு பீன்ஸ், பூசணி விதைப் பொடி, மிளகாய். ஒரு சின்ன வெங்காயம் மட்டும் இருந்தால் இது வேப்பந்தட்டை என்று நினைத்துக்கொண்டு குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

தமாலை எல்லாரும் தின்றார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். பாத்ரிசியா ஒரு வாய் தின்றுவிட்டு, "பாக்கெட் மாவு" என்றாள். கிண்ணத்தை நீட்டியதும் மோந்து பார்த்து மூக்கைச் சுருக்கி வைத்துவிட்டாள். ஆனால் ஹூலியோ என்று நரைமீசை வைத்த ஒருவர் இருந்தார். இர்மாவின் பக்கத்து மாவட்டத்துக்காரர், கிரேன் ஓட்டுகிறவர். கிண்ணத்தை வாயில் வைத்தவர் கீழே வைக்கவில்லை. குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். மூன்றாவது தரம் நீட்டும்போது, இது இங்கே எப்படி வந்தது, யார் செய்தது என்று கேட்டார்.

இர்மா கரண்டியைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பு இல்லாத குறைக்குச் சமையலறைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். பேச்செல்லாம் அவர்கள் பாஷைதான், ஆனாலும் அது தன் கதைதான் என்று கனகாவுக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. இர்மா வெறுங்காற்றில் சோளத்தைக் கழுவிக் காட்டினாள். கழுவினாள், கழுவினாள், வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி கழுவினாள். முழங்கை வரை விட்டுக் கலக்கினாள். பிறகு சோபாவிலிருந்த குஷனை எடுத்துத் துண்டால் சுற்றி, குழந்தையைப் போல மார்பில் அணைத்து, ஆராரோ பாடித் தட்டிக் கொடுத்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். கால்விரலில் நடந்து வந்து விளக்கை அணைப்பதுபோலக் காட்டினாள். வீடு அதிர்ந்தது. எட்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கைச் சுருக்கிய பாத்ரிசியாவே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

கனகாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மறுநொடி, இர்மா அந்தக் குஷனைக் கொண்டுவந்து கனகாவின் மடியில் கிடத்தி, "பிள்ளை பசியா இருக்கு, பாரு" என்றாள் இங்கிலீஷில்.

"பசிச்சா என்ன பண்றது? எங்க ஊர்ல சோளம் கோழிக்கு" என்றாள் கனகா, தானும் இங்கிலீஷில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இவங்க ஊர்ல அதை விருந்தாளிக்குப் போடறாங்க!"

ஹூலியோ தொடையில் தட்டிச் சிரித்தார். இர்மா துண்டை எடுத்துக் கனகாவின் தோளில் ஒரு அடி போட்டாள். அதற்குள் யாரோ ஏதோ கேட்க, இர்மா மறுபடி நடுக் கூடத்துக்குப் போய், இந்தத் தரம் காலையில் கனகா கதவண்டை பாத்திரத்தோடு நின்ற நிலையைக் காட்ட ஆரம்பித்தாள். மூஞ்சியை அவ்வளவு நீளமாகத் தொங்கவிட்டாள். அத்தனை நீளம் இல்லை என்று கனகா மறுத்தாள். இருந்தது என்று, காலையில் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த எட்வின் சாட்சி சொன்னார்.

மணிமாறன் மூன்றாவது தமாலை முடித்து இலையை மடித்தார். அவருக்குச் சாயங்காலம் டியூட்டி இருந்தது. கனகாவின் பக்கமாகக் குனிந்து, "நேரமாச்சு, கெளம்பலாமா?" என்றார்.

கனகா கண்ணை இர்மாவிடமிருந்து எடுக்காமல், மடியிலிருந்த குஷனை நகர்த்தி இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வசதியாக உட்கார்ந்தாள்.

"நீங்க போங்க. இப்பத்தான் என்னையப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க."